சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

என் பல்லைப் பற்றிச் சொல்லாமல் என் கதையைச் சொல்ல முடியாது. மரிய ஆனந்த் என்று ஏரியூர் பக்கம் யாரிடம் விசாரித்தாலும், அந்தக் காவிப்பல்லு நர்ஸா என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். எங்கள் ஊர் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். பல் வெளியே வருவதற்கு முன்னால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கிற வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தால், பல் காவி ஏறித்தான் முளைக்கும். அப்புறம் எதைத் தேய்த்தாலும் போகாது. உப்பு, அடுப்புக்கரி, செங்கல்பொடி எல்லாவற்றையும் தேய்த்துப் பார்த்தவன் சொல்கிறேன், நம்பலாம். பாஸ்போர்ட் போட்டோவில் சிரிக்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறதே, எனக்காக யாரோ இரக்கப்பட்டுப் போட்டது என்றே நினைத்தேன்.

பெண் பார்க்கப் போன அன்று நான் வாயைத் திறக்கவே இல்லை. கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினேன். பையன் ரொம்ப அடக்கம் என்று மாமனார் அங்கேயே முடிவு செய்துவிட்டார். சகாயமேரி சேலம் பக்கம், ஏற்காடு அடிவாரத்துப் பெண். அவளுக்குப் பல் வரிசை பளீரென்று இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக நான் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்துவிட்டு, "இதத்தான் அன்னிக்கு மூடி வெச்சிருந்தீங்களா" என்று கேட்டாள். மகள் சில்வியா பிறந்ததும் நான் எடுத்துக்கொண்ட சபதம் ஒன்றே ஒன்றுதான். இவள் பல் அம்மா பல்லாக முளைக்க வேண்டும்.

அதற்கு வழி இருந்தது. மெயின் ரோட்டில் பைப்பு இருக்கிறது. ஆற்றுத் தண்ணீர், ஃப்ளோரைடு பயம் இல்லாதது. எங்கள் தெரு மேட்டில் இருப்பதால் பைப்பு ரோட்டோடு நின்றுவிட்டது. நான் பென்னாகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் இரண்டு கேன்களைப் பைக்கில் கட்டிக்கொண்டு போய், ஒரு கிலோமீட்டர் தூரத்திலிருந்து பிடித்து வந்து வைப்பேன். குழந்தைக்கு அதில்தான் கஞ்சி, அதில்தான் பால் கலப்பது. தெருவில் மற்றவர்கள் எல்லாம் வீட்டு வாசலில் கிடைக்கிற போர் தண்ணீர்தான்.

இப்படி ஒழுங்காகத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தவனுக்கு, பொது சுகாதாரம் படித்து உலகத்தைத் திருத்த வேண்டும் என்று ஆசை வந்தது. இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்தது, உதவித்தொகையும் கிடைத்தது. சில்வியாவுக்கு அப்போது ஒரு வயது இரண்டு மாதம். பூசையில் ஃபாதர் என் பெயரைச் சொல்லி எல்லாரையும் ஜெபிக்கச் சொன்னார். செப்டம்பர் கடைசியில் பெங்களூரில் விமானம் ஏறினேன். எனக்குப் பதிலாக அந்த இரண்டு கேன்களை யார் சுமப்பார்கள் என்று யோசித்தேனா என்றால், இல்லை. ஸ்வெட்டர் எத்தனை எடுத்துப் போவது என்று மூன்று வாரம் யோசித்தேன்.

வகுப்பில் நாங்கள் இருபத்தாறு பேர், பன்னிரண்டு நாடுகள். அவரவர் ஊர் வியாதியை அவரவர் சுமந்து வந்திருந்தோம். என்னோடு ஒரே சமையலறையைப் பங்குபோட்ட எமேக்கா நைஜீரியாவிலிருந்து மலேரியாவைக் கொண்டு வந்திருந்தான். நேபாளத்துப் பெண் பிரசவ மரணங்களைக் கொண்டு வந்திருந்தாள். நான் என்ன கொண்டு வந்திருக்கிறேன் என்பது இரண்டாவது நாளே தெரிந்துபோனது. பேராசிரியர் ஹெலன் அம்மாள், இந்த நகரத்தில் குடிதண்ணீரில் நாங்களே ஃப்ளோரைடு சேர்க்கிறோம், பல் சொத்தையாகாமல் இருக்க, என்று பெருமையாகச் சொன்னார். இரண்டு நாளாக அந்தத் தண்ணீரைச் சொம்பு சொம்பாகக் குடித்திருக்கிறேன். எழுந்து நின்று, உதட்டை இழுத்துப் பல்லைக் காட்டினேன்.

வகுப்பே எட்டிப் பார்த்தது. ஹெலன் அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். கொஞ்சமாகச் சேர்த்தால் மருந்து, எங்கள் ஊர் அளவுக்கு இருந்தால் கேடு, அளவுதான் விஷயம் என்று அன்று முழுக்க என் வாயை வைத்தே பாடம் நடந்தது. முப்பது வருஷம் மறைத்து வைத்திருந்த பல் ஒரே நாளில் பன்னிரண்டு நாடுகளுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் நான் ஒரு மாதம் கடையில் பாட்டில் தண்ணீர் வாங்கித்தான் குடித்தேன். முப்பது வயதுப் பல்லுக்கு இனிமேல் எந்தத் தண்ணீரும் ஒன்றும் செய்யாது என்று புத்தகத்தில் இருந்தது. படித்தேன், அடிக்கோடு போட்டேன், மறுபடியும் போய்ப் பாட்டில் வாங்கினேன். இவன்தான் ஊரைத் திருத்தப் போகிறவன்.

மூன்றாவது வாரம் வயிற்றுப்போக்கு, காலரா பற்றிய பாடம். குழந்தைகள் எத்தனை லட்சம் பேர் கெட்ட தண்ணீரால் சாகிறார்கள் என்று படம் போட்டுக் காட்டினார்கள். வெளியே வந்ததும் மேரியைக் கூப்பிட்டேன். முதலில் பாப்பாவுக்கு என்ன தண்ணீர் கொடுக்கிறாய் என்று கேட்டேன். பைப்புத் தண்ணிதான், கொண்டாறாங்க, என்றாள். யார் கொண்டு வருகிறார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. தண்ணீருக்காக உலகத்துப் பெண்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று என் நோட்டில் எழுதி வைத்திருந்தேன், என் வீட்டுப் பெண் நடக்கிறாளா என்று கேட்கவில்லை. நேராக உபதேசத்துக்குப் போய்விட்டேன்.

"எந்தத் தண்ணியா இருந்தாலும் காய்ச்சாம குடுக்காத மேரி. நல்லா காய்ச்சிட்டா அதுல இருக்கற கெட்டதெல்லாம் செத்துடும்" என்றேன்.

செத்துடுமா என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டாள். செத்துடும் என்று அடித்துச் சொன்னேன். அன்றைக்கு நான் என்னை ஒரு பெரிய ஆளாக உணர்ந்தது உண்மை. எமேக்காவிடம், என் முதல் சுகாதாரப் பணி வெற்றிகரமாகத் தொடங்கிவிட்டது என்று சொல்லி, ரசம் வைத்துக் கொடுத்தேன். அவன் அதைச் சூப் என்று நினைத்து இரண்டு கிண்ணம் குடித்தான்.

படிப்பின் கடைசியில் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். அதில் தேறினால்தான் பட்டம். என் பல்லைப் பார்த்த பிறகு வேறு தலைப்பைப் பற்றி யாரும் பேசவே இல்லை. எங்கள் ஊரில் ஆறு வயதுக்குள் குழந்தைகள் இருக்கிற நாற்பத்திரண்டு வீடுகளில், குழந்தைக்கு எந்தத் தண்ணீர் கொடுக்கிறார்கள் என்று கேட்டு எழுதுவது. நான் இங்கிலாந்தில் இருப்பதால், என்னோடு பள்ளியில் படித்த அருள்குமாரைக் கேட்டுக்கொண்டேன். அவன் அரசாங்கப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டு வீட்டில் இருந்தான். கேள்வித்தாளை அனுப்பி, முதலில் எங்கள் வீட்டிலேயே ஒத்திகை பார்க்கச் சொன்னேன். இதைவிடப் புத்திசாலித்தனமாக யாராலும் செய்ய முடியாது என்று அப்போது நினைத்தேன்.

அவன் போனான். மேரி டீ போட்டுக் கொடுத்துவிட்டு, தாளை வாங்கிப் படித்துப் பார்த்திருக்கிறாள். குழந்தைக்குக் கொடுக்கும் தண்ணீர் எது: பைப்பு, போர், கிணறு, கேன் என்று நாலு கட்டம். காய்ச்சுவீர்களா: ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். அவள் பிளஸ் டூ முடித்தவள். சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக என்று எத்தனை பரீட்சை பார்த்திருப்பாள். புருஷன் பாஸ் ஆவதும் ஃபெயில் ஆவதும் இந்த நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்கள் கையில் இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சர்ச் வாசலிலேயே நின்று, வெளியே வந்த பெண்களையெல்லாம் பிடித்து விடை சொல்லிக் கொடுத்திருக்கிறாள். சர்ச்சுக்கு வராத வீடுகளுக்கு, பக்கத்து வீட்டுக் காசியம்மாள் அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு தானே போயிருக்கிறாள். அருள்குமார் வந்து கேட்டா பைப்புத் தண்ணின்னு சொல்லுங்க, காய்ச்சறோம்னு சொல்லுங்க, காய்ச்சினா கெட்டதெல்லாம் செத்துடுமாம், எங்க வூட்டுக்காரரு பாஸ் ஆவணும். ஊர் அவ்வளவும் ஒரு மனதாக என்னைப் பாஸ் ஆக்கத் தீர்மானித்தது. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்த விஷயம்.

மே மாதம் முடிவுகள் வந்தன. நாற்பத்திரண்டு வீட்டில் நாற்பத்திரண்டும் பைப்புத் தண்ணீர். நாற்பத்திரண்டும் காய்ச்சுகிறார்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். நான் ஊரை விட்டு வந்த எட்டு மாதத்தில் ஊர் திருந்திவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். நான் இல்லாததால்தான் திருந்தியதோ என்று ஒரு சந்தேகம் கூட வரவில்லை, அந்த மாதிரிச் சந்தேகமெல்லாம் வருகிற அளவுக்கு எனக்கு அறிவு இருந்ததில்லை.

ஹெலன் அம்மாள் தாளைப் புரட்டினார், திரும்பவும் புரட்டினார். தன் வீட்டில் இருக்கிற நாலு பேரே ஒரு கேள்விக்கு ஒரே பதில் சொன்னதில்லை, நாற்பத்திரண்டு வீடு எப்படிச் சொல்லும் என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வருவது தப்பான இடத்தில்தான், அது பிறவிக் குணம். எங்கள் ஊர்க்காரர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்றேன். வேண்டுமானால் இப்போதே என் மனைவியைக் கூப்பிடுகிறேன், என் குழந்தை குடிக்கிற தண்ணீரை நீங்களே பாருங்கள் என்றேன். தன் கட்டுரையைக் காட்ட வந்து முறைக்குக் காத்திருந்த எமேக்காவும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

அங்கே காலை பத்து மணி, நம் ஊரில் மத்தியானம் இரண்டரை. அம்மாள் பேச வேண்டும் என்கிறார் என்று நான் சொன்னதும், மேரி இரண்டு நிமிஷம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு, நல்ல புடவையில் வந்து நின்றாள். இடுப்பில் சில்வியா. ஒரு வயது பத்து மாதம், கன்னம் உப்பிப்போய் இருந்தாள். ஹெலன் அம்மாள் கேட்பதை நான் தமிழில் கேட்க வேண்டும், மேரி சொல்வதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். குழந்தைக்கு என்ன தண்ணீர் என்று கேட்டேன். பைப்புத் தண்ணீங்க, காய்ச்சித்தாங்க குடுக்கறேன், என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது மாதிரிச் சொன்னாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மொழிபெயர்த்தேன்.

ஹெலன் அம்மாள் விடவில்லை. அந்தப் பைப்பைப் பார்க்கலாமா என்றார். நான் கேட்டேன். மேரி போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஏங்க, நெசத்தச் சொல்லட்டுமா, பரீட்சைக்குச் சொல்லட்டுமா?"

ஹெலன் அம்மாள் என் முகத்தைப் பார்த்தார். என்ன சொல்கிறார் என்றார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

"நெசத்தச் சொல்லு மேரி" என்றேன்.

அவள் சொன்னாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோடு வரைக்கும் போய்க் குடம் தூக்க முடியாது, நீங்கள் போன மறுநாளிலிருந்தே போர் தண்ணீர்தான், வெளியூரில் இருக்கிற மனுஷன் கவலைப்படுவாரே என்று சொல்லவில்லை, அப்புறம் நீங்களே காய்ச்சினால் எல்லாம் செத்துடும் என்று சொன்னீர்கள், அதோடு என் கவலையும் விட்டது. நான் ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்துக்கொண்டே போனேன். வாய் இங்கிலீஷ் பேசிக்கொண்டிருந்தது, காது மட்டும்தான் தமிழைக் கேட்டது. மேரி போனைத் திருப்பி அடுப்பைக் காட்டினாள். பெரிய அலுமினியப் போசி, உள்ளே தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"நீங்க நல்லா காய்ச்சச் சொன்னீங்கல்ல. கசாயத்துக்கு வெக்கற மாதிரி பாதியா சுண்டற வரைக்கும் எறக்க மாட்டேங்க. பாருங்க, அந்தக் கோடு வரைக்கும் ஊத்தி, இந்தக் கோட்டுக்கு வந்தாத்தான் எறக்குவேன்" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

அதையும் மொழிபெயர்த்தேன். பாதியாக என்ற வார்த்தையைச் சொல்லும்போதுதான் எனக்கே விளங்கியது. ஃப்ளோரைடு புழு இல்லை, பூச்சி இல்லை, காய்ச்சினால் சாவதற்கு. தண்ணீர் ஆவியாகப் போகும், அது அடியிலேயே நிற்கும். பாதியாகச் சுண்டினால் இரண்டு மடங்கு. எங்கள் தெருவில் படிக்காத வீட்டுக் குழந்தைகள் ஒரு பங்கு குடித்தன. சுகாதாரம் படிக்கப் போனவன் பெற்ற பிள்ளை இரண்டு பங்கு குடித்தது. அதுவும் பால் பல் விழுந்த பிறகு வரப்போகிற நிரந்தர முன்பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கிற அதே மாதங்களில்.

காய்ச்சச் சொல்லி அறிவுரை கொடுத்தது யார் என்று ஹெலன் அம்மாள் கேட்டார். உள்ளூர் சுகாதாரப் பணியாளர் ஒருவர் என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன். அந்த நிலைமையிலும் தப்பிக்கப் பார்க்கிற புத்தி எனக்கு இருந்தது. எமேக்கா என்னையே பார்த்தான். ரசம் வைத்துக் கொடுத்த நாளை அவன் மறந்திருக்கவில்லை. நான்தான் என்றேன். அந்தப் பணியாளர் நான்தான்.

மேரியிடம் விஷயத்தைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. அவள் போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அடுப்பை அணைத்து, போசியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து குழந்தையை மறுபடி இடுப்பில் வைத்துக்கொண்டு, போனுக்குள் பார்த்தாள். திட்டவில்லை, அழவில்லை.

"அங்க என்னதாங்க படிக்கறீங்க?" என்று கேட்டாள்.

ஹெலன் அம்மாள் இதற்கு மட்டும் மொழிபெயர்ப்பு கேட்கவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் மேரி நாற்பத்திரண்டு வீடும் ஏறி இறங்கிவிட்டாள். ஒரு மாதம் முன்னால் புருஷனைப் பாஸ் ஆக்குங்கள் என்று போன அதே வீடுகள். காய்ச்சினால் எல்லாம் செத்துடும் என்று அங்கேயும் தான் பரப்பியிருப்பது அவளுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. எங்க வூட்டுக்காரரு தப்பாச் சொல்லிட்டாருங்க, போர் தண்ணிய கொழந்தைக்குக் குடுக்காதீங்க, காய்ச்சியும் குடுக்காதீங்க. ஃபாதர் ஜெபித்து அனுப்பிய நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று வாசல் வாசலாக நின்று சொல்ல அவள் கூச்சப்படவில்லை. எனக்கு அருள்குமார் சொல்லித்தான் தெரியும். கேட்டுவிட்டு நான் பல்கலைக்கழகத்துக் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன்.

அடுத்த வாரம் அவள் காசியம்மாள் அக்காவின் மகனுடைய பழைய மொபெட்டை ஓட்டப் பழகினாள். இரண்டு தடவை விழுந்தாள், முழங்கை தேய்ந்தது. பிறகு குழந்தையைக் காசியம்மாள் அக்காவிடம் விட்டுவிட்டு, ரோட்டுப் பைப்பிலிருந்து தினமும் கேன் கேனாகக் கொண்டு வந்தாள். எங்கள் வீட்டுக்கு மட்டும் இல்லை, பக்கத்தில் கைக்குழந்தை இருக்கிற மூன்று வீட்டுக்கும். நான் கட்டுரையை மாற்றி எழுதினேன். கேட்கிறவன் சந்தோஷப்படுகிற மாதிரிப் பதில் சொல்கிற ஊரில் எப்படிக் கேட்க வேண்டும் என்பது புதிய தலைப்பு. சுமாரான மதிப்பெண்ணில் தேறினேன். ஊருக்கு வந்து, தருமபுரியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். கிராமம் கிராமமாகப் போகிறேன், யாருக்கும் உபதேசம் செய்வதில்லை. அவர்கள் வீட்டில் தண்ணீர் யார் தூக்குகிறார்கள் என்று மட்டும் முதலில் கேட்டுவிடுவேன்.

மீதி எல்லாம் காத்திருப்புதான். நிரந்தர முன்பல் முளைக்க ஆறு, ஏழு வயதாகும். அதற்குள் வருகிற பால் பல்லைப் பார்த்து ஊரே திருப்திப்பட்டது, வெள்ளையாகத்தான் இருந்தது. எனக்குத் தெரியும், பால் பல் இந்தக் கணக்கில் வராது, அது நான் கிளம்புவதற்கு முன்பே உருவாகிவிட்டது. போன வருஷம் சில்வியாவுக்கு மேலே முன்பல் இரண்டும் விழுந்து, புதுப்பல் எட்டிப் பார்த்தது. நான் பார்க்கவில்லை. பாப்பா சிரிக்கும்போதெல்லாம் சட்டைப் பொத்தானைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன். இப்படியே மூன்று மாதம் ஓட்டினேன், அதில் எனக்குப் பழக்கம் இருக்கிறது.

கடைசியில் மேரிதான் குழந்தையை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்து வந்து, மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, வாங்க, வந்து பாருங்க என்றாள். பார்த்தேன். பல் நுனி வெள்ளை. ஈறு ஓரமும் வெள்ளை. நடுவில் மட்டும் குறுக்காக ஒரு பட்டை, டீக்கறை மாதிரி, இரண்டு பல்லிலும் ஒரே உயரத்தில். நுனிதான் முதலில் உருவாகும், அது நான் பைக்கில் தண்ணீர் கொண்டு வந்த காலம். ஈறுப் பக்கம் கடைசியில் உருவாகும், அது மேரி மொபெட்டில் கொண்டு வந்த காலம். இடையில் இருந்தது என்னவென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பல் டாக்டரிடம் காட்டினோம். பல்லைப் பார்த்து இப்படி மாதக்கணக்கெல்லாம் சொல்ல முடியாது தம்பி என்றார். நான் தலையை ஆட்டிக்கொண்டு வந்துவிட்டேன். என்னால் சொல்ல முடிந்தது.

பாப்பாவுக்கு மட்டும் அதில் ஒரு வருத்தமும் இல்லை. மேரியிடம் கேட்டிருக்கிறாள், அப்பா வெளிநாட்டில் படித்தபோது வந்தது என்று அவள் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து அது எங்கள் வீட்டுப் பெருமையாகிவிட்டது. இந்த ஜூன் மாதம் பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன். வகுப்பு டீச்சர் கலைமதி, எல்லாப் பெற்றோரும் உட்கார்ந்திருக்கும்போதே சிரித்துக்கொண்டு கேட்டார். உங்க பொண்ணு ஈன்னு பல்லக் காட்டி, இது எங்கப்பா இங்கிலாந்துல படிச்சப்ப வந்துச்சுன்னு வகுப்பு பூரா சொல்றாளே, அது என்னங்க சார், அந்த ஊரு ட்ரீட்மெண்டா?

சில்வியா என் பக்கத்தில் நின்று, நான் என்ன பெருமை சொல்லப் போகிறேன் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க டீச்சர்" என்றேன். "அது, எங்க வூட்ல தண்ணி தூக்க ஆளு இல்லாத எட்டு மாசங்க."